கலைக்குள் கால் வைக்கலாமா? – புதிர்க் குறுக்கெழுத்து: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'புதியவர்களுக்கான புதிர்க் குறுக்கெழுத்து' என்று ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். புதியவர்களுக்கு என்று தலைப்பிலேயே சொல்லியும் வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கெஞ்சல். கட்டத்தை அமைத்தவன் நான் என்பதால் பதில் சொல்லும் வேலையையும் ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு அச்சகத்தில் கையால் அச்சுக் கோத்துப் பிழைத்தவன் நான். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கி வந்த பழக்கம் இப்போது இதில் வந்து நிற்கிறது.

சாதாரணக் குறுக்கெழுத்தை அடுப்பில் குழம்பு கொதிப்பதற்குள் முடித்துவிடுவேன். உங்கள் கட்டத்தில் முதல் குறிப்பே 'கழுத்தில் விழும் பொழுது (2)'. என்ன விழுகிறது, எந்தப் பொழுது விழுகிறது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– குடும்பத்தலைவி, ஆற்காடு

தலை, வால் என்றீர்களே அம்மா, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்றால் விடையின் பொருள், அவ்வளவுதான். புதிர் வகையில் குறிப்பு ஒரு வாக்கியம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வரும். வேஷத்தைக் கலைத்தால் உள்ளே இரண்டு துண்டு இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது பெரும்பாலும் அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முடிவில் இருக்கும். நடுவில் உட்காராது. அதனால் குறிப்பை வாக்கியமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, முதல் ஓரிரு சொல்லையும் கடைசி ஓரிரு சொல்லையும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட குறிப்பில் இரண்டு துண்டுமே நேர்ப்பொருள்தான். கழுத்தில் விழும் – மாலை. பொழுது – மாலை. 'விழும்பொழுது' என்று ஒரே மூச்சில் படித்ததால் மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் அப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2 என்பது எழுத்துக் கணக்கு: மா, லை.

இரண்டாவது வகையை அதே கட்டத்தில் இருந்த இன்னொரு குறிப்பில் காட்டுகிறேன். 'பாட்டோடு தை பிறந்தால் வழி பிறக்கும் (2)'. பழமொழி காதில் விழுந்ததும் மனசு பொங்கலுக்குப் போய்விடும், கரும்பு, மஞ்சள் கொத்து என்று. போகவிடாதீர்கள். கடைசித் துண்டை எடுங்கள்: வழி பிறக்கும். விடை 'வழி' என்ற பொருளில் இருக்கலாம் என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி என்ன? பாட்டோடு தை. பாட்டுக்குச் சின்னதாய் ஒரு சொல்: பா. அதோடு தை. பாதை! வழி என்றால் பாதைதானே. இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். சாதாரணக் குறுக்கெழுத்தில் விடை சரிதானா என்ற சந்தேகம் அடுத்த இதழ் வரும்வரை இருக்கும். இதில் சரியான விடை தானாகவே கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடும். அந்த ருசி ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் சாதாரணக் கட்டத்தில் கை போகாது.

எழுத்தைக் கலைத்துப் போட வேண்டும் என்று எந்த இடத்தில் தெரிந்துகொள்வது? 'நகரம்' விடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

தம்பி சொல்லும் குறிப்பு: 'நகரம் கலைந்தால் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)'. விடை நரகம். ந, க, ர, ம் என்ற அதே நான்கு எழுத்துதான், வரிசை மட்டும் வேறு.

காட்டிக்கொடுக்கும் சொல் 'கலைந்தால்'. கலைந்து, குழம்பி, சிதறி, புரண்டு, தாறுமாறாய், உருமாறி – இப்படி ஒழுங்கு கெட்டதைச் சொல்லும் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். உடனே பக்கத்திலிருக்கும் சொல்லின் எழுத்துகளை எண்ணுங்கள். அடைப்புக்குறி எண்ணோடு ஒத்துப்போனால் கலைத்துப் பார்க்க வேண்டிய சரக்கு அதுதான். எண்ணும்போது ஒற்றெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. எங்கள் அச்சுத் தொழிலில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு பொறுக்குவோம். கட்டத்தில் அது ஒரே எழுத்து.

எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு கலைக்காதீர்கள். கண் பழைய சொல்லையேதான் திரும்பத் திரும்பப் படிக்கும். வட்டமாக எழுதுங்கள். ஒற்றெழுத்தை நடுவில் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் அது முதலில் வரப்போவதில்லை.

ஒளிந்திருக்கும் வகையை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கலைப்பதை விட அது சுலபம், அதையும் சொல்லிவிடுகிறேன். 'மழை நாளில் கத்துவது யார்? வந்தவளை உள்ளே பார்! (3)'. ஏதோ மாமியார் மருமகள் சங்கதி போலத் தெரிகிறது. 'உள்ளே' என்பதுதான் சாவி. 'வந்தவளை' என்பதை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள்: வ, ந், த, வ, ளை. கடைசி மூன்றும் தவளை. எதையும் கலைக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம், விடை அச்சாகவே உங்கள் கண்முன் கிடக்கிறது. புதியவர்கள் ஒரு கட்டத்தை எடுத்ததும் முதலில் இந்த வகையைத் தேடுவது நல்லது.

ஆம்பூர்க்காரன் நான். 'பொட்டலத்தை அவிழ்! சுவரில் அடிப்பதும் சேர்ந்தால் ஆம்பூரின் பெருமை (4)' என்ற குறிப்புக்கு பிரியாணி என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பிரி, ஆணி இரண்டையும் சேர்த்தால் 'பிரிஆணி' அல்லவா? நடுவில் 'யா' எங்கிருந்து வந்தது? இது மோசடி இல்லையா?
– தோல் கிடங்கில் கணக்கு எழுதுபவர், ஆம்பூர்

மோசடி இல்லை ஐயா, ஏழாம் வகுப்பு இலக்கணம். இகரத்துக்குப் பின் உயிரெழுத்து வந்தால் நடுவில் யகரம் உடம்படுமெய்யாக வந்து உட்காரும். மணி + அடித்தது மணியடித்தது ஆவது போல, பிரி + ஆணி பிரியாணி. தமிழில் சொற்களை ஒட்டும்போது புணர்ச்சி விதிப்படி எழுத்து தோன்றலாம், திரியலாம், கெடலாம். அமைப்பவனுக்கு அந்த உரிமை உண்டு, அதுவும் விதிக்குள் இருக்கும்வரை மட்டும்.

வேறு எந்த விதத்தில் நான் ஏமாற்றினேன் என்று நீங்கள் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் ஒருவர் 1949-ல் இதற்கு ஒரு விதி வகுத்தார். குறிப்பு மேலுக்கு என்ன சொல்வதாகத் தோன்றினாலும் பரவாயில்லை. ஆனால் அமைப்பவன் மனத்தில் வைத்திருப்பதை அந்தச் சொற்கள் உள்ளபடியே சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். நான் 'பொட்டலத்தை அவிழ்த்து' என்று எழுதியிருந்தால் தப்பு. அவிழ்த்து என்றால் பிரித்து, பிரி அல்ல. அதனால்தான் வாக்கியம் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் 'அவிழ்!' என்று கட்டளையாகவே விட்டேன். விடை தெரிந்ததும் வாசகர் 'அட!' என்று சொல்ல வேண்டும். 'அடப்பாவி!' என்று சொன்னால் அமைத்தவன் தோற்றான்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். தி இந்து ஆங்கில நாளிதழில் வரும் புதிர்க் குறுக்கெழுத்தைத் தினமும் போடுகிறேன். அதே தந்திரங்கள் தமிழில் அப்படியே செல்லுமா?
– காட்பாடி வாசகர்

முக்கால்வாசி செல்லும். செல்லாத கால்வாசிதான் சுவாரஸ்யம்.

முதலில், திருப்பிப் போடும் தந்திரம். ஆங்கிலத்தில் எந்த மூலையிலும் கிடைக்கும். தமிழில் பஞ்சம். காரணம், தமிழ்ச் சொல் ஒற்றெழுத்தில் தொடங்காது. ஆகவே ஒற்றில் முடியும் எந்தச் சொல்லையும் திருப்ப முடியாது. மரம், பால், தேர், கண் எல்லாம் அந்த ஒரே அடியில் விழுந்துவிடும். உயிர்மெய்யில் முடியும் சொற்களிலும் ட, ண, ள, ழ, ற, ன வரிசை எழுத்துகளில் முடிபவை போய்விடும், அவற்றிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. மிஞ்சுவதைப் பொறுக்கி எடுத்தால் 'இரும்பைத் தின்பது திரும்பினால் பருவம் (2)' போல ஒன்றிரண்டு தேறும். துரு, ருது. ருது வடசொல் என்பதால்தான் ரகரத்தில் தொடங்கித் தப்பித்தது.

அடுத்தது, ஒலியொப்புமை. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, அதனால் காதால் கேட்டு ஏமாறும் குறிப்புகள் அங்கே ஏராளம். தமிழில் எழுதியபடி படிக்கிறோம். ஆனால் நம் வட ஆற்காட்டுப் பக்கம் அதற்கும் ஒரு சந்து இருக்கிறது. 'நம்மூர்ப் பாட்டி சொல்லும் கனி நடுக்கம் தரும் (3)'. பழம் என்பதைப் பாட்டி 'பயம்' என்பாள், வாழைப்பழம் அவள் வாயில் 'வாயப்பயம்'. விடை பயம். திருநெல்வேலி வாசகர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். அவர் ஊர்ப் பாட்டியை வைத்து அவர் ஒன்று எழுதட்டும்.

சுருக்கெழுத்துகளும் அங்கே ஒரு பெரிய மூட்டை. திசைகளுக்கு ஒவ்வொரு எழுத்து, மருத்துவருக்கு இரண்டு எழுத்து, மாலுமிக்கு இரண்டு எழுத்து என்று மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். நமக்கு ஏழு ஸ்வரங்களும் தமிழ் எண்களும் இருக்கின்றன. எண்களைப் பற்றிச் சோளிங்கர் கடிதத்தில் வருகிறேன்.

என் பாட்டி உங்கள் கட்டத்தைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா? ஔவையார் காலத்திலேயே உண்டு' என்கிறார். உண்மையா?
– பள்ளி ஆசிரியை, சோளிங்கர்

கட்டம் வெள்ளைக்காரருடையது, தந்திரம் நம்மிடமும் உண்டு. பாட்டி மனத்தில் வைத்துச் சொன்னது 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்கும் தனிப்பாடலாகத்தான் இருக்கும். கம்பர் சீண்டியதற்கு ஔவையார் திருப்பிக் கொடுத்தது என்று கதை சொல்வார்கள். தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். அடுத்து 'எமனேறும் பரி' என்று வரும். எமன் ஏறுவது எருமை. ஒன்று எழுத்தால் கட்டியது, மற்றது பொருளால் மறைத்தது. கட்டம்தான் இல்லை; மற்றபடி இரண்டும் சுத்தமான புதிர்க் குறிப்புகள்.

இந்தக் காலை நானும் கடன் வாங்கினேன். சென்ற இதழில் அதிகம் பேரைக் கவிழ்த்த குறிப்பு அதுதான்: 'கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)'. நாடகத்துக்குப் போன பிள்ளையைப் பற்றி அப்பா புலம்புவது மாதிரி இருக்கிறதா? கடைசித் துண்டு நேர்ப்பொருள், வருத்தம். 'கலைக்குள்' என்றால் க, லை இரண்டுக்கும் நடுவில் எதையோ வைக்கச் சொல்கிறது. வைக்க வேண்டியது கால். உடம்பின் கால் இல்லை. அரை, கால் என்று அளக்கிறோமே, அந்தக் கால். அதாவது 'வ'. க, வ, லை. கவலை.

புதியவர்களுக்கான கட்டத்தில் இது கொஞ்சம் அதிகம்தான் என்று ஆசிரியர் சொன்னார். குறுக்கே போகும் சொல்லில் நடு எழுத்து 'வ' கிடைத்துவிடும் என்பதால் நான் விடவில்லை. பாட்டியிடம் கொடுத்திருந்தால் நொடியில் சொல்லியிருப்பார்.

யார், எப்போது தொடங்கியது? சுருக்கமாக.
– திருப்பத்தூர் வாசகர்

1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் போட்ட கட்டம்தான் முதல் குறுக்கெழுத்தாகக் கருதப்படுகிறது. அது சாதாரண வகை. புதிர் வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டன் அப்சர்வர் இதழில் 1926 முதல் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்பவர் 'டொர்க்கமாடா' என்ற பெயரில் அமைத்தார். அது ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் ஆட்களை வதைத்தவரின் பெயர். தான் செய்யும் வேலை என்னவென்று மனிதருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது! லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் தன் அலுவலகத்திலேயே போட்டி நடத்தியது, 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் நன்றாகச் செய்தவர்களில் சிலரை அப்புறம் அரசாங்கம் கூப்பிட்டு, ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்கு வைத்துக்கொண்டது.

பாதிக் கட்டம் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு எழுத்துகூட நகர மாட்டேன் என்கிறது. குறிப்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வழி உண்டா?
– மருந்துக் கடைக்காரர், பேரணாம்பட்டு

குறிப்பை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பாருங்கள். தமிழில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதில் கண்டிப்பு அதிகம். அச்சுக் கோக்கிறவனுக்கு அது விரலிலேயே இருக்கும். கட்டத்தில் ஒரு 'ங்' விழுந்திருக்கிறதா? அடுத்தது க வரிசைதான்: சங்கு, தங்கை, பங்குனி. 'ஞ்' வந்தால் பெரும்பாலும் ச வரிசை, 'ந்' வந்தால் பெரும்பாலும் த வரிசை. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் சேர்க்காது: பக்கம், பச்சை, பத்து, பருப்பு. பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. ர், ழ் இரண்டும் இரட்டிக்கவே இரட்டிக்காது. ஆக, ஒரு ஒற்றெழுத்து கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் பத்துப் பதினைந்து எழுத்துக்குள் தேடினால் போதும்.

சொல்லின் கடைசிக் கட்டமும் அப்படித்தான். வல்லின ஒற்றில் தமிழ்ச் சொல் முடியாது. மீதி ஒற்றுகளில் ம், ன், ர், ல் நான்கையும் முதலில் போட்டுப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் எங்கள் அச்சகத்தில் 'ர்' தீர்ந்துவிடும். திருவளர்ச்செல்வன், அவர்கள் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை அதுவேதான். பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பிக் கடன் வாங்கி வருவோம்.

இவ்வளவும் செய்து நகரவில்லையா? மூடி வைத்துவிட்டுக் கடையைப் பாருங்கள். யாருக்காவது மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போது விடை வந்து நிற்கும்.

மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடும்வரை நேரம் போவதற்காகப் போடுகிறேன். அகராதி பார்ப்பது, பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பது, செல்போனில் தேடுவது எல்லாம் தப்பா?
– சத்துவாச்சாரி வாசகர்

அகராதி தப்பில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ரொம்ப நல்லது. டோக்கன் வந்தால்கூட எழுந்திருக்க மாட்டீர்கள். செல்போனில் குறிப்பை அப்படியே அடித்து விடை தேடுவது மட்டும் எனக்குப் பிடிக்காது. அது உங்கள் இஷ்டம்.

நானே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: 'பாலும் ஆறும் சேர்ந்தது (3)'. விடை பாலாறு. அடுத்த கட்டத்தில் சேர்ப்பீர்களா?
– வாலாஜாபேட்டை வாசகர்

சொல் அருமை, குறிப்பு பாதிதான் வெந்திருக்கிறது. கட்டும் வழி இருக்கிறது, நேர்ப்பொருள் இல்லை. பாலும் ஆறும் சேர்ந்தது என்றீர்கள், சேர்ந்து என்ன ஆனது? அதுமட்டுமில்லை, விடையின் இரண்டு பாகத்தையும் மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டீர்கள். 'ஆறு' என்பதற்கு எண் என்றும் பொருள் இருக்கும்போது அதை வீணாக்கலாமா?

இப்படி மாற்றலாம்: 'பசு தருவதும் ஐந்துக்கு அடுத்ததும் சேர்ந்தால் வாலாஜா பக்கம் மணலாய்க் கிடக்கும் (3)'. படிக்கிறவருக்கு முதலில் மாட்டுத் தொழுவம் தெரியும், அப்புறம் கணக்கு தெரியும், கடைசியில்தான் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் ஆறு தெரியும். வெள்ளம் வரும் வருஷத்தில் 'மணலாய்' பொருந்தாதே என்று ராணிப்பேட்டையிலிருந்து யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். மாற்றிய குறிப்பை அடுத்த கட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயரோடு போடுகிறேன்.

புதிதாகத் தொடங்கும் எனக்குக் கட்டம் இல்லாமல் இரண்டு மூன்று சுலபமான குறிப்பு கொடுங்களேன், கைப்பழக்கத்துக்கு.
– பால் சொசைட்டி ஊழியர், அணைக்கட்டு

மூன்று தருகிறேன்.

'தலையில்லாக் குதிரை கரையில் மோதும் (2)'. தலை என்றால் முதலெழுத்து.

'முருகன் கையில் இருப்பதோடு கிராமம் சேர்ந்தால் அகழி சூழ்ந்த கோட்டை (3)'. புணர்ச்சியை மறக்காதீர்கள். இதற்கு விடை தெரியாவிட்டால் அணைக்கட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிப் பாருங்கள்.

'புலவர் பொங்கல் மாதத்தில் எழுதியது (3)'. இதில் மட்டும் முழுக் குறிப்பும் நேர்ப்பொருளாகவும் நிற்கும், கட்டும் வழியாகவும் நிற்கும். அமைப்பவனுக்கு எப்போதாவதுதான் இப்படி ஒன்று கையில் சிக்கும்.

விடைகள் அடுத்த இதழில். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள்.